ஒதுக்கி வைக்காத கூலி

நம் ஊர்ப்பக்கத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச வருகிறவர்கள், "உத்தியோகம் என்ன?" என்று கேட்டதும், சம்பளத்தைப் பற்றிக் கேட்கும் முன்பே, "பென்ஷன் உண்டா?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. கடல் கடந்து சென்று கைநிறையப் பொருளீட்டி வருபவனைக் காட்டிலும், தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு மதிப்பு ஒரு படி கூடுதலாகவே இருந்தது. உழைக்கும் நாளில் அரை வயிறு உண்டாலும் உழைக்க இயலாத நாளில் பட்டினி கிடக்க மாட்டான்; அவன் கண்மூடிய பின்னும் அவன் மனைவி யார் கையையும் எதிர்பார்த்து நிற்க மாட்டாள் என்பது அம்மதிப்பின் காரணம். அக்காரணத்தை நாம் குறை கூறோம். நம் வாப்பா அவர்கள் அத்தகைய எழுத்தராக இருந்தவர்கள். அவர்களுடைய ஓய்வூதியத்தில் நம் இளைய தங்கையின் திருமணம் நடந்தது. அவர்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியத்தில் நம் உம்மா பதினான்கு ஆண்டுகள் மானத்தோடு வாழ்ந்தார்கள்.

ஆயினும் அந்த மதிப்பின் அடியில் பொதுமக்கள் உள்ளத்தில் ஓர் எண்ணம் படிந்து கிடந்தது. ஊழியர் ஒவ்வொருவர் பெயரிலும் அரசு மாதந்தோறும் ஏதோ ஒரு பெட்டகத்தில் பணம் போட்டு வருகிறது, முதுமையில் அதைத் திறந்து தருகிறது என்பதே அவ்வெண்ணம். நாம் 1975 முதல் 2011 வரை 36 ஆண்டுகள் கருவூலத் துறையில் பணிபுரிந்தோம். அப்படியொரு பெட்டகத்தை ஒரு நாளும் கண்டதில்லை. காணாததற்குக் காரணம், அது இல்லை என்பதுதான்.

பழைய ஓய்வூதிய முறை எவ்வாறு நடைபெற்றது என்பதை வாசகர்கள் ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நலம். ஊழியரின் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்திற்கென ஒரு காசும் பிடிப்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிப்பது வேறு. அது அவருடைய சொந்தச் சேமிப்பு. அரசும் அவர் பெயரில் எதையும் எடுத்து வைப்பதில்லை. அவர் ஓய்வு பெற்றதும், கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதியும் அதற்குரிய அகவிலைப்படியும் மாதந்தோறும் வழங்கப்படுகின்றன. இந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அந்த மாதம் மக்கள் செலுத்திய வரியிலிருந்தும் வாங்கிய கடனிலிருந்தும், பாலம் கட்டும் செலவும் மருந்து வாங்கும் செலவும் போவது போலவே போகிறது. பட்டியலை எழுதி, சரிபார்த்து, முத்திரையிட்டு அனுப்பிய நம் கைக்கு அதில் ஐயமில்லை.

இம்முறை ஆங்கிலேயர் ஆட்சியில் வேரூன்றியது. ஓய்வூதியங்கள் பற்றிய சட்டம் 1871ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அன்று ஊழியர் சிலர். ஓய்வு பெற்று நெடுநாள் வாழ்ந்தவர் அவரினும் சிலர். விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், 1951ஆம் ஆண்டளவில்கூட, இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. பச்சிளங் குழந்தைகளின் சாவும் சேர்ந்த கணக்கு இது. ஓய்வு பெறும் வயதை எட்டியவர்கள் இதற்கு மேலும் பல ஆண்டு வாழ்ந்தனர். இன்று அச்சராசரி 70ஐ ஒட்டி நிற்கிறது. ஆண்டுதோறும் நேர்காணலுக்குக் கருவூலத்துக்கு வந்த முதியோரை நாம் கண்டிருக்கிறோம். கடைநிலை ஊழியர் ஒருவரின் விதவை, தொண்ணூறு வயதை நெருங்கியவர், பேரன் தோளைப் பற்றிக்கொண்டு வந்து கைநாட்டு வைத்துவிட்டு, "நான் இன்னும் மௌத்தாகலை தம்பி, எழுதிக்கிடுங்க" என்று சிரித்தபடி சொல்வார். அவர் நெடிது வாழ்ந்தது நமக்கு மகிழ்ச்சியே. 80 வயதைக் கடந்தவர்க்கு ஓய்வூதியத்தை உயர்த்தித் தரும் விதியும் பின்னர் வந்தது, அதுவும் மகிழ்ச்சியே. ஆனால் அந்த நெடிய வாழ்வுக்கு உரிய பணம் முன்கூட்டிக் கணக்கிடப்பட்டதா என்னும் கேள்வியை அந்நாளில் எவரும் எழுப்பவில்லை.

1982 டிசம்பர் 17ஆம் நாள், நகரா வழக்கு என வழங்கும் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஒரு தீர்ப்பை அளித்தது. 1979 மார்ச் 31க்கு முன்பு ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்குத் திருத்தப்பட்ட ஓய்வூதிய முறை மறுக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த வழக்கு அது. ஓய்வூதியம் ஆள்வோர் மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, செய்து முடித்த பணிக்குரிய உரிமை என்று நீதிமன்றம் உறுதி செய்தது. இன்றளவும் ஓய்வூதியர்கள் டிசம்பர் 17ஐத் தம் நாளாகக் கொண்டாடுகின்றனர். அத்தீர்ப்பை நாளேட்டில் படித்த அன்று, "நாம வாங்குறது பிச்சை இல்லை, கூலிதான்" என்று வாப்பா அவர்கள் சொன்ன சொல் நம் செவியில் இன்னும் இருக்கிறது.

கூலிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கூலி என்று ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் ஆகிறோம். 1960இல் செய்த வேலைக்குரிய கூலியின் ஒரு பகுதியை 1990இல் தருவேன் என்று முதலாளி சொல்வானாயின், அப்பகுதி 1960ஆம் ஆண்டின் செலவேயாகும். அன்றே அதைக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். அன்றே எடுத்து வைத்திருக்க வேண்டும். அரசு அவ்வாறு எழுதவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை. ஊழியரின் உழைப்பைப் பெற்ற தலைமுறை அதற்குரிய விலையில் ஒரு பகுதியைச் செலுத்தாமலே சென்றது. செலுத்தும் கடமை அப்போது பிறந்திராத பிள்ளைகளின் தலையில் இறங்கியது. இன்றைய சிக்கல்கள் யாவும் இந்த ஒரு முடிச்சிலிருந்தே கிளைத்தவை என்பது நம் கருத்து.

எடுத்து வைப்பதாயின் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? கருவூலக்காரர்கள் கணக்கில்லாமல் பேசக் கூசுவோம். எனவே எளிய கணக்கொன்றைப் போட்டுக் காட்டுகிறோம். ஒருவர் மாதம் 100 ரூபாய் ஊதியத்தில் 35 ஆண்டு பணி செய்கிறார் என்று கொள்வோம். விலைவாசிக்கு ஏற்ற உயர்வைத் தவிர வேறு உயர்வு இல்லை எனவும் வைத்துக்கொள்வோம். ஓய்வுக்குப் பின் 20 ஆண்டு 50 ரூபாய் பெறுகிறார். அவர் மறைந்த பின் அவர் மனைவி 5 ஆண்டு 30 ரூபாய் பெறுகிறார். சேர்த்த பணம் விலைவாசியை மட்டும் ஈடுகட்டும் வட்டியை ஈட்டுமாயின், பணிக்காலம் முழுவதும் மாதந்தோறும் ஏறத்தாழ 33 ரூபாய் எடுத்து வைத்தாக வேண்டும். விலைவாசிக்கு மேல் ஆண்டுதோறும் 3 விழுக்காடு தவறாமல் கிடைக்கும் என்று நம்பினால் ஏறத்தாழ 14 ரூபாய் போதும். பதவி உயர்வால் கடைசி ஊதியம் கூடினால் இரண்டு தொகைகளும் கூடும்.

33க்கும் 14க்கும் இடையிலுள்ள தூரம் முழுவதும் நம்பிக்கை ஒன்றால் நிரப்பப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வட்டி நன்றாக வரும் என்று எழுதிவிட்டால் கடன் சிறுத்துவிடுகிறது. காகிதத்தில் சிறுத்த அதே கடன், வட்டி வராத ஆண்டில் மீண்டும் பெருத்து நிற்கிறது.

இதற்குச் சான்று தேடி நாம் அமெரிக்க நாட்டைப் பார்க்கலாம். அங்கே மாநிலங்களும் நகரங்களும் நம்மைப் போல வெறுங்கையோடு இருக்கவில்லை. ஓய்வூதியத்திற்கெனத் தனி நிதியங்கள் வைத்திருந்தன. ஆனால் அந்நிதியங்களில் பல, ஆண்டுக்கு 8 விழுக்காடு ஈட்டுவோம் என்று நெடுங்காலம் கணக்கெழுதின. 2008ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சி அந்தக் கணக்கின் மெய்ம்மையைக் காட்டிவிட்டது. அலபாமா மாநிலத்தில் பிரிச்சர்டு என்னும் சிற்றூர் உண்டு. இவ்வளவே செலுத்தி வந்தால் 2009இல் நிதியம் தீர்ந்துபோகும் என்று அவ்வூராட்சிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. சொன்ன ஆண்டிலேயே தீர்ந்தது; அவ்வாண்டு செப்டம்பரில் ஓய்வு பெற்ற தீயணைப்பாளர்க்கும் காவலர்க்கும் காசோலை வரவில்லை. 2011இல் ரோடு ஐலண்டு மாநிலத்தின் சென்ட்ரல் ஃபால்சு நகரம் திவாலானபோது, சிலருடைய ஓய்வூதியம் பாதிக்கு மேல் வெட்டப்பட்டது.

இவற்றினும் பெரியது டெட்ராயிட் நகரம். 1950இல் ஏறத்தாழ 18,50,000 மக்கள் வாழ்ந்த அந்நகரில் 2010ஆம் ஆண்டுக் கணக்கில் 7,14,000 பேரே எஞ்சினர். வரி கொடுப்போர் போய்விட்டனர். ஓய்வூதியம் பெறுவோர் இருந்தனர். பணியிலிருந்தோரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர் ஓய்வு பெற்றோராயினர். நல்ல ஆண்டுகளில் நிதியம் மிகுதியாக ஈட்டியபோது அதைச் சேர்த்து வைக்காமல் பதின்மூன்றாம் மாதக் காசோலை என்று பங்கிட்டுக் கொடுத்த வழக்கமும் அங்கே இருந்தது. 2013 ஜூலை 18 அன்று நகரம் திவால் மனு கொடுத்தது. ஓய்வூதியத்தைக் குறைக்கலாகாது என்று மிச்சிகன் மாநில அரசியல் சட்டமே கூறியிருந்தும், திவால் சட்டத்தின் கீழ் குறைக்கலாம் என்று அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறநிலையங்களும் மாநில அரசும் பொருளுதவி செய்தும், பொது ஊழியரின் ஓய்வூதியத்தில் 4.5 விழுக்காடு குறைந்தது. ஆண்டுதோறும் விலைவாசிக்கென வந்த உயர்வும் நின்றது. சட்டத்தில் எழுதிய வாக்கும் பணம் இல்லாத இடத்தில் முழுமையாக நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"நகரம் திவாலாகலாம், மாநில அரசும் மத்திய அரசும் திவாலாகுமோ? அவை என்றும் இருப்பவை, வரி விதிக்கும் வல்லமை உடையவை. எதற்காகத் தனி நிதியம்?" என்று வினவுவார் உளர். இது புறந்தள்ளத் தக்க வினாவன்று. வரி செலுத்தும் இளையோர் பெருகிக்கொண்டே இருக்கும் நாட்டில், இன்றைய வரியைக் கொண்டு நேற்றைய ஊழியரைக் காப்பது எளிதே. நம் மாநிலத்தின் நிலை வேறு. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சராசரியாக 1.4. இரண்டு பெற்றோருக்குப் பின் இரண்டு பிள்ளைகள்கூட இல்லாத வீட்டில், பெற்றோர் வைத்துச் செல்லும் கடன் ஒவ்வொரு பிள்ளை மீதும் கூடுதலாகவே விழும்.

இச்சிக்கல் ஆள்வோர் கண்ணில் பட்டபோது அவர்கள் கண்ட வழி, வாக்கையே கைவிடுவதாக இருந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லையென்றாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பின்னர் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு மிகப் பெரும்பாலோர் திரும்பினர். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசும், படைத்துறை நீங்கலாக, புதிய முறைக்கு மாறியது. ஊழியர் 10 விழுக்காடு, அரசு 10 விழுக்காடு. திரண்டது எவ்வளவோ அவ்வளவே. மத்திய அரசு தன் பங்கைப் பின்னர் 2019இல் 14 ஆக்கியது.

தமிழக அரசோ அந்தப் பணத்தை மத்திய ஒழுங்காற்று ஆணையத்தின் கீழுள்ள நிதி மேலாளர்களிடம் ஒப்படைக்கவில்லை. தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு வட்டி கணக்கிட்டது. ஓய்வு பெற்றவர் கையில் திரண்ட தொகை மொத்தமாக வந்தது. மாதந்தோறும் எதுவும் வரவில்லை. நம் தம்பி மகன் 2009இல் ஆசிரியப் பணியில் சேர்ந்தவன். பெருநாளன்று வீட்டிற்கு வந்திருந்தபோது அவன் கேட்டான்: "பெரிய வாப்பா, உங்களுக்கு மாசம் பொறந்தா வருது. எனக்கு ஒரே தடவை கையில கொடுத்திருவாங்க. அதுக்கப்புறம் நான் எத்தனை வருஷம் உசிரோட இருப்பேன்னு யாரு கணக்குப் போட்டுச் சொல்லுவா?"

அவன் கேள்வி மிகச் சரியானது. எத்தனை ஆண்டு வாழ்வோம் என்பதைத் தனி மனிதன் அறியான். இலட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியை அறியலாம். ஆகவே நெடுநாள் வாழ்ந்துவிடும் இடரைப் பலரும் சேர்ந்து தாங்குவதே முறை. பழைய முறை அவ்விடரைத் தாங்கியது, ஆனால் பணம் சேர்க்கவில்லை. புதிய முறை பணம் சேர்த்தது, ஆனால் இடரை ஊழியர் மேல் இறக்கிவிட்டது. ஒரு பிழைக்கு மறு பிழை மருந்தாகுமோ?

ஊழியர் குமுறல் நாடெங்கும் எழவே, 2022 முதல் இராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்டு, பஞ்சாப், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய முறைக்குத் திரும்புவதாக அறிவித்தன. இதில் ஓர் ஈர்ப்பு உண்டு. புதிய முறைக்கு மாறும் தலைமுறை இரட்டைச் சுமை சுமக்க வேண்டும். முன்னவர்க்கு வரியிலிருந்து ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும், பின்னவர்க்கென நிதியும் சேர்க்க வேண்டும். பழைய முறைக்குத் திரும்பிய அரசுக்கு இரண்டாவது சுமை உடனே நீங்குகிறது. இன்று கை லேசாகிறது. அதன் விலை இருபது முப்பது ஆண்டு கழித்து வருகிறது. அன்று வேறொருவர் முதலமைச்சராக இருப்பார். எல்லா மாநிலங்களும் திரும்பினால் மொத்தச் சுமை புதிய முறையைப்போல 4.5 மடங்கு வரை ஆகலாம் என்று 2023இல் ரிசர்வ் வங்கி ஏட்டில் வந்த ஆய்வு கணித்தது.

இதற்கிடையே நடுவழி ஒன்று துளிர்த்துள்ளது. 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டு பணி முடித்தவர்க்கு அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி. ஊழியர் 10 விழுக்காடும் அரசு 18.5 விழுக்காடும் செலுத்துவர். இரண்டும் சேர்ந்து 28.5, மேலே நாம் காட்டிய 14க்கும் 33க்கும் இடையில், 33ஐ அடுத்து நிற்கிறது. தமிழக அரசும் 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. கடைசி ஊதியத்தில் பாதி உறுதி, ஊழியர் பங்கு 10 விழுக்காடு, மிச்சம் அரசினுடையது. தொடக்கத்தில் ஏறத்தாழ 13,000 கோடி ரூபாயும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11,000 கோடி ரூபாயும் அரசு இட வேண்டியிருக்கும் என்று அறிவிப்பில் கூறப்பட்டது. வாக்கோடு தொகையும் சேர்த்துச் சொல்லப்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஆனால் சொன்ன தொகை ஆண்டுதோறும் இடப்படுமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 1994இல் ஒரு சட்டம் செய்தது. 2045க்குள் நிதியத்தில் 90 விழுக்காடு நிரப்புவோம் என்றது. ஆனால் முதற்சில ஆண்டுகளில் குறைவாகச் செலுத்தலாம் என்று தனக்குத்தானே சலுகையும் கொடுத்துக்கொண்டது. இன்று அந்நாட்டில் மிகப் பெரிய பற்றாக்குறை உள்ள மாநிலங்களில் அது முன்னிற்கிறது.

இவ்வளவும் எழுதும் நாம் பழைய ஓய்வூதியம் பெறுபவர்தாம்; மாதம் பிறந்தால் நம் கணக்கில் பணம் வருகிறது. அதனால் ஒரு பக்கத்து நியாயம் மட்டுமே நம் கண்ணில் படுமோ என்று வாசகர் ஐயுறலாம். மறு பக்கத்தைக் காட்ட நம் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்கள். நம் லாத்தா ஐம்பது ஆண்டுக்கு மேல் பீடி சுற்றியவர்கள். பீடி இலையை வெட்டி வெட்டி அவர்கள் கைவிரல்கள் மரத்துப் போயின. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் அவர்களுக்கு வருவது மாதம் 1,000 ரூபாய். 2014இல் குறைந்தபட்சமென வகுக்கப்பட்ட தொகை. அதுவுமில்லாத ஏழை முதியோர்க்கு மாநில அரசு அளிக்கும் உதவித்தொகை 2023இல் 1,200 ஆயிற்று. ஒரு நாள் லாத்தா நம்மிடம் கேட்டார்கள்: "தம்பி, நான் வாங்குற சோப்புலயும் எண்ணெயிலயும் அரசாங்கத்துக்கு வரி போவுதாமே, அதுல ஒன் பென்ஷனுக்கும் ஒரு பங்கு போவுதோ?"

போகிறது என்றுதான் சொன்னோம். அவர்கள் முகத்தில் வருத்தமில்லை. "நல்லா இரு" என்றார்கள். ஆனால் அந்த வினா நம்மை விட்டு அகலவில்லை. ஊழியர் ஓய்வூதியம் அவர் ஈட்டிய கூலி என்பது மெய்; அந்தக் கூலியைக் கொடுப்போரில் பெரும்பாலோர்க்கு அத்தகைய கூலி கிடையாது என்பதும் மெய். இதைக் காட்டி ஊழியரின் உரிமையைப் பறிக்க வேண்டும் என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. ஒருவன் தட்டில் இருப்பதைக் கொட்டிவிடுவதால் மற்றவன் பசி தீராது. ஆயினும் பிறர் பையிலிருந்து கொடுக்கப்படும் வாக்கு, எவ்வளவு என்று அவர்களிடம் சொல்லிக் கொடுக்கப்பட வேண்டாமா? கணக்கை மறைத்துக் கொடுத்த வாக்கு, கொடுப்பவனுக்கும் தீங்கு, பெறுபவனுக்கும் தீங்கு. கொடுப்பவன் தன் சுமையை அறியான். பெறுபவன் தன் காவலை அறியான்.

எனவே நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தோடு, பணியிலிருப்போர்க்கும் ஓய்வு பெற்றோர்க்கும் அரசு இதுவரை பட்டுள்ள ஓய்வூதியக் கடன் முழுவதும் எத்தனை கோடி என்பது ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டும். ஆயுளையும் வட்டியையும் மிகையாக நம்பாத கணக்கர்கள், அரசைச் சாராதவர்கள், அதைக் கணித்திருக்க வேண்டும். இரண்டாவதாக, நிதியத்தில் அரசு இட வேண்டிய பங்கு, சம்பளம் கொடுப்பது போல் மாதந்தோறும் தவறாமல் இடப்படச் சட்டம் வேண்டும். கை முடைப்பட்ட ஆண்டில் முதலில் நிறுத்தப்படும் செலவாக அது இருக்கலாகாது. 2020இல் ஓய்வு பெறும் வயது 58இலிருந்து 59 ஆகவும், அடுத்த ஆண்டு 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதனால் கொடுக்கும் நாள் தள்ளிப் போயிற்று. நிதியத்தில் ஒரு ரூபாயும் சேர்ந்துவிடவில்லை. மூன்றாவதாக, ஊழியரிடம் பிடித்த பணம் அமானிதம். அதை அரசு தன் அன்றாடச் செலவோடு கலக்கும்படி வைத்திருக்கலாகாது. இம்மூன்றும் நிறைவேறினால், லாத்தா போன்றவர்க்கு எவ்வளவு கூட்டித் தர இயலும் என்பதையும் நாணயமாகப் பேச இடம் பிறக்கும்.

ஊழியர் சங்கத்தார் போராட்டப் பந்தலில் "உரிமை" என்று முழங்குகின்றனர். பொருளியலார் மேடையில் "சுமை" என்று அஞ்சுகின்றனர். இரு சாராரும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களையே படிக்கின்றனர் என்பது, பற்றும் வரவும் எழுதிப் பழகிய நம் எண்ணம். ஒருவர் பெறவேண்டிய உரிமை, மற்றொருவர் கொடுக்கவேண்டிய கடனாக அதே நாளில் எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட வேண்டும். இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நம் தம்பி மகனுடைய கூலியில் நாளைக்குரிய பங்கை இன்றே எடுத்து வைப்பவர் யார் என்னும் கேள்விக்கு, அரசின் கணக்கேடு ஆண்டுதோறும் விடை சொல்லட்டும்.